விழித்தே பழகிய கண்கள்

மட்டக்களப்பு வாவியிலே நிலாக்காலத்தில் மீன் பாடும் என்பர். கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்து அவ்வோசையைக் கேட்பது பழைய வழக்கம். அதற்காக விழித்திருந்தோர் பலர். ஆனால் படலை எப்போது தட்டப்படுமோ என்று செவிகொடுத்து விழித்திருந்த பிள்ளைகளும் அவ்வாவிக் கரையில் உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் அவர்களுடைய பிள்ளைப் பருவம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நாவலடியை வாரிச் சென்றபோது பெற்றோரை இழந்த பிள்ளைகளும் இருக்கின்றனர். இன்று அவர்களிற் பலர் தாமே பெற்றோர்.

நேயர்களே, நித்திரை களைப்பினால் மட்டும் வருவதன்று. அச்சமின்மையும் அதற்கு வேண்டும். நெடுங்காலம் அஞ்சி வளர்ந்த பிள்ளையின் உடல் காவல் காக்கப் பழகிவிடுகிறது. ஆபத்து நீங்கிய பின்னும் அப்பழக்கம் எளிதில் நீங்குவதில்லை. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 17,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் வெளியான முடிவும் இதுவே: இளமைத் துன்பங்கள் மிகமிக, வளர்ந்தபின் நித்திரைக் குறையும் மிகுந்திருந்தது. துன்புற்றோர் எல்லோரும் இவ்வாறாவர் என்பதன்று.

தனிமையின் வேலை இன்னும் நுட்பமானது. தென் டக்கோட்டாவில் ஹட்டரைட்டு என்னும் கிறித்தவ மக்கள் உணவும் உழைப்பும் பொதுவாகக் கொண்டு வாழ்கின்றனர். அவர்களுள் 95 பேரை ஆராய்ந்தபோது, தம்மைத் தனியராக உணர்ந்தோர் நித்திரை கொண்ட நேரம் குறையவில்லை. ஆனால் அந்நித்திரை அடிக்கடி முறிந்தது. கூட்டத்தின் நடுவிலும் தனிமை உண்டன்றோ? பிள்ளைகளை விடுதியிற் சேர்த்துப் பாய்களை நெருக்கி விரித்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அஞ்சி எழும் பிள்ளையிடம் ‘என்ன மகன்?’ என்று கேட்க ஒருவர் வேண்டும்.

மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே மண்ணிற் பிசைந்தனர், வண்ணந் தீட்டினர், கதை சொல்லினர். வெறும் விளையாட்டென்று நகைத்தல் தகாது. துணையுண்டு என்பதைப் பிள்ளையின் உள்ளம் அறிவது பெரும்பாலும் விளையாட்டிலேதான்.

வளர்ந்தோர்க்கும் வழியுண்டு. நித்திரை எப்படியிருப்பினும் நாடோறும் ஒரே நேரத்தில் எழுதல் நன்று. நித்திரை வாராதாயின் படுக்கையிற் புரளாது எழுந்து அமர்ந்து, கண் சொருகும்போது மீளலாம். கொடுங்கனவு இரவுதோறும் வருமாயின், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லத் தயங்க வேண்டா. அங்கே பழைய கதையைச் சொல்லலாம். எத்தனை ஆண்டு கழிந்திருப்பினும் சொல்லலாம்.