கொதிக்கும் கல்லும் கிணற்று நீரும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற வருடம் வெங்காயம் நடுகின்ற காலத்தில், முதிய கமக்காரர் ஒருவர் சிறு பொதியொன்றைக் கையிலேந்தியவாறு என் காரியாலயத்திற்கு வந்தார். "தம்பி, இந்தத் தூளைக் கிணற்றிலே போட்டால் தண்ணீரிலுள்ள நஞ்செல்லாம் போய்விடுமாம். ஒரு கரண்டி கரைத்துக் குடித்தால் உடம்பும் சுத்தமாகுமாம். வீட்டிலே நாலு மாதப் பேரப்பிள்ளை இருக்கிறது. பால்மா கரைப்பது அந்தத் தண்ணீரிலேதான். போடலாமோ?" என்று வினவினார். பொதியின்மேல் 'சியோலைற்று' என எழுதப்பட்டிருந்தது. "ஐயா, பொருள் நல்லதுதான், நீங்கள் போட நினைத்த இடந்தான் பிழை" என்று விடையளித்தேன். அவ்விடையின் காரணத்தை உங்களுக்கு விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

சியோலைற்று என்பது ஒரு தனிக் கல்லின் பெயரன்று. ஒரு கனிப்பொருட் குடும்பத்தின் பெயர். எரிமலைச் சாம்பலும் பாறையும் நீருடன் நெடுங்காலம் தாக்கமுற்று மாறுவதால் இவை இயற்கையில் உண்டாகின்றன. 1756ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கனிப்பொருள் அறிஞர் அக்செல் குரொன்ஸ்டெட் என்பவர் இத்தகைய கல்லொன்றைச் சுடரிற் காட்டியபோது, அது நீராவியை வெளிவிட்டுப் பொங்கியது. அதனால் கிரேக்க மொழியிற் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார்.

கல்லினுள் நீர் எங்கே இருந்தது? தேன்கூட்டை எண்ணிப் பாருங்கள். அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன் என்னும் மூன்றும் சேர்ந்து கட்டிய கூடே இக்கல். அதன் கண்ணறைகள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறளவே, அல்லது அதனிலும் குறைவே, அவற்றின் வாயில் இருக்கும். அவ்வறைகளிலேயே நீர் தங்கியிருக்கின்றது.

இக்கூட்டின் சட்டம் மறையேற்றம் உடையது. ஆகையால் நேரேற்றமுள்ள அயன்களை, அதாவது சோடியம், பொற்றாசியம், கல்சியம், அமோனியம் போன்றவற்றை, அது தன்னிடம் வைத்துக்கொள்கின்றது. ஆயினும் இறுகப் பிடித்து வைப்பதில்லை. சந்தையிற் பண்டமாற்றுச் செய்வதுபோல, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள்ளும். இதற்கு அயன் பரிமாற்றம் என்று பெயர். மறையேற்றமுள்ள அயன்களுக்கோ இச்சந்தையில் இடமில்லை. இவ்வொரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால், சியோலைற்றைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும் அது மெய்யா பொய்யா என நீங்களே பெரும்பாலும் நிறுத்துப் பார்க்கலாம்.

இப்பண்டமாற்று முதன்முதல் அறியப்பட்டது கமத்தொழிலின் மூலமேயாகும். இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியிலே நிலமும் எருவும் பற்றி ஆராய்ந்த தொம்சன் என்பவர், அமோனியம் சல்பேற்றுக் கரைசலை மண்ணினூடாக வடியவிட்டார். அமோனியா மண்ணிலே தங்கிவிட, வடிந்த நீரிற் கல்சியமே வந்தது. இச்செய்தி 1850இல் வெளியாயிற்று. வே என்னும் இரசாயன அறிஞர் இதனை மேலும் விரிவாக ஆராய்ந்தார். 1858இல் ஐக்கோண் என்பவர் சியோலைற்றும் அவ்வாறே கொடுத்து வாங்குகின்றது என்பதைக் காட்டினார். உங்கள் செம்மண்ணிலுள்ள களி செய்யும் வேலையையே இக்கல் பன்மடங்கு வலிமையுடன் செய்கின்றது எனக் கொள்ளலாம்.

பின்னர் இதனைக் கைத்தொழில்கள் கைக்கொண்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடாக வருவதால் வன்மையானது. அதிலே சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. கேத்திலின் அடியில் வெண்படை படிகின்றது. கல்சியமும் மகனீசியமுமே இதற்குக் காரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜெர்மனியிற் செயற்கைச் சியோலைற்றைக் கொண்டு வன்னீரை மென்னீராக்கினர். கல் கல்சியத்தை வாங்கிச் சோடியத்தைக் கொடுக்கும். களைத்த கல்லை உப்புக் கரைசலாற் கழுவினால் மீண்டும் வேலைக்கு ஆயத்தமாகும். இன்று இவ்வேலைக்குப் பெரும்பாலும் பிசின் மணிகள் பயன்படுகின்றன. எனினும் சலவைத் தூள்கள் பலவற்றில் இன்றும் சியோலைற்று உண்டு. ஏரிகளிற் பாசி பெருகக் காரணமான பொசுபேற்றை நீக்கி, 1970களிலிருந்து அதனிடத்தில் இதனைச் சேர்க்கலாயினர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வாறு மென்மையாக்கிய நீரைத் தோட்டத்திற்கு இறைக்கலாகாது. அதிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள கல்சியத்தை வெளியேற்றி, மண்மணிகளைக் குலைத்து, நீர் வடியாமற் செய்துவிடும். பயிருக்கு வன்னீரே மேல்.

எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களில் கனத்த எண்ணெயை உடைத்துப் பெற்றோலாக்குவதற்கு 1960களின் தொடக்கத்திலிருந்து சியோலைற்று ஊக்கியாகப் பயன்படுகின்றது. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தின் பின்னரும், 2011இல் புகுசிமா விபத்தின் பின்னரும், நீரிற் கலந்த கதிர்வீச்சுச் சீசியத்தைப் பிடிப்பதற்கு இக்கல்லை உபயோகித்தனர். சீசியமும் நேரேற்றமுள்ளதே என்பதைக் கவனியுங்கள்.

நோயாளர்க்கும் இது உதவுகின்றது. காற்றில் 78 வீதம் நைதரசனும் 21 வீதம் ஒட்சிசனும் உள்ளன. சியோலைற்று நிரப்பிய குழாயில் காற்றை அமுக்கிச் செலுத்தினால், நைதரசன் அறைகளில் தங்க, 90 வீதத்திற்கு மேற்பட்ட ஒட்சிசன் வெளிவரும். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனாத் தொற்றின்போது எத்தனையோ நோயாளரின் மூச்சைக் காத்த ஒட்சிசன் செறிவாக்கிகளின் உள்ளே இருந்தது இதுவேயாகும். ஆனால் அங்கே கல் இயந்திரத்தினுள் இருந்தது; நோயாளியின் வயிற்றினுள் அன்று.

இனி முதியவரின் கிணற்றுக்கு வருவோம். நாம் இடும் யூரியாவும் எருவும் மண்ணில் அமோனியமாகி, பின்னர் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறுகின்றன. நைத்திரேற்று மறையேற்றமுள்ளது. ஆகவே களி அதனைப் பிடிப்பதில்லை. பயிர் உண்டு மிஞ்சியது நீரோடு கீழிறங்கிச் சுண்ணக்கல் வெடிப்புகளினூடாகக் கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அவ்வாறே வருகின்றது. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதாரத் தாபனத்தின் வரம்பு. வரம்பு மீறிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். உதடும் விரல்களும் நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இந்த நைத்திரேற்றைச் சாதாரண சியோலைற்று பிடிக்குமா? பிடிக்காது. வறண்ட வலயக் கிணறுகள் பலவற்றிற் காணப்படும் புளோரைட்டையும் பிடிக்காது. இரண்டும் மறையேற்றமுள்ளவை. கிணற்றில் தூளைப் போட்டுவிட்டு நீர் சுத்தமாயிற்று என நம்புவது, போடாதிருப்பதைவிடக் கேடானது. அந்நம்பிக்கையாற் பரிசோதனையைக் கைவிடுவோம் அல்லவா?

அப்படியாயின் அப்பொதியை எங்கே போடுவது? மாட்டுக் கொட்டிலிலும் கோழிக் கூட்டிலுமே போடவேண்டும். சிறுநீரிலும் எச்சத்திலுமிருந்து எழும் அமோனியா, கோழிகளின் கண்ணையும் சுவாசப்பையையும் தாக்குகின்றது. அதனோடு உங்கள் பசளையின் பெறுமதியும் காற்றிற் போகின்றது. உமியோடு அல்லது மரத்தூளோடு சியோலைற்றைக் கலந்து பரப்பினால், அமோனியம் அதன் அறைகளுட் புகுந்துகொள்ளும். நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் அச்சிறு வாயில்களினூடாக நுழையமுடியா. அவ்வெருவைப் பாத்தியில் இட்டால், அமோனியம் சிறிது சிறிதாக வெளிவந்து பயிர்க்கு உதவும். கிணற்றை அடையும் நைத்திரேற்றும் குறையும். கிணற்றினுள் பயன்படாத கல், கொட்டிலில் இருந்துகொண்டே கிணற்றைக் காக்கின்றது.

ஆனால் சியோலைற்று தானே பசளையன்று; எருவிலுள்ளதைக் காக்கும் பாத்திரமே அது. விலை கொடுத்து அதிகம் வாங்குமுன், கூட்டின் ஒரு பாதியில் இட்டு மறுபாதியை வெறுமனே விட்டு, இரு வாரங்கள் மூக்கினாலேயே சோதித்துப் பாருங்கள். நன்னீர் மீன் குளங்களிலும் இது அமோனியாவைக் குறைக்கும். உவர்நீர் இறால் குளங்களிலோ, நீரிலுள்ள சோடியம் இடத்தைப் பிடித்துக்கொள்வதாற் பயன் மிகக் குறைவு.

தூளைக் கையாளும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்க. துருக்கியின் கப்படோக்கியாப் பகுதியிலே, கரைன், துஸ்கொய் முதலிய கிராமங்களின் மக்கள், எரியோனைற்று என்னும் நார்போன்ற சியோலைற்று அடங்கிய கல்லின் மத்தியில் வாழ்ந்தனர். அதன் தூசியைச் சுவாசித்தவர்களிற் பலர் சுவாசப்பை உறையிற் புற்றுநோய் கண்டு மாண்டனர். 1987இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் எரியோனைற்றைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளெனப் பட்டியலிட்டது. கமத்தில் வழங்குவது பெரும்பாலும் கிளினொப்திலோலைற்று என்னும் வேறு வகை. எனினும் பெயரும் வகையும் எழுதப்படாத பொதியை வாங்காதீர்கள். வைத்தியர் சொல்லாமல் எத்தூளையும் கரைத்துக் குடிக்கவும் வேண்டாம்.

முதியவரின் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நைத்திரேற்று வரம்பை மீறியிருந்தது. அன்றுமுதல் குழந்தைக்கு வேறிடத்துப் பரிசோதித்த நீர் கொண்டுவரப்படுகின்றது. பொதி கோழிக் கூட்டிற்குப் போயிற்று. வெங்காயத்திற்கு ஒரே முறையில் இட்டுவந்த யூரியாவை அவர் இப்பொழுது சிபாரிசு செய்த அளவிற் பிரித்து இடுகின்றார்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியவை நான்கு:

1. கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரை உடனே பரிசோதிப்பித்தல். தாய்ப்பால் ஊட்டுதல் எல்லாவற்றிலும் சிறந்தது.
2. பசளையைச் சிபாரிசு அளவுக்கு மேல் இடாது, பிரித்து இடுதல்.
3. எருக்குவியலையும் மலசலகூடக் குழியையும் கிணற்றுக்குத் தூரத்தில் அமைத்தல்.
4. சியோலைற்றை வாங்கினால் கொட்டிலிலும் எருவிலும் இடுதல், கிணற்றில் இடாதிருத்தல்.

நீர் மாதிரி எடுக்கும் முறையை அறிய விரும்புவோர் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுங்கள். சுத்தமான போத்தலொன்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.