வீட்டில் குடிபுகுந்த வௌவால்



வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நாமும் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான் என்று நம் ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வௌவாலே நம் வீட்டுக்கு விருந்து வந்துவிட்டால் அந்தப் பழமொழி துணைக்கு வருவதில்லை. தில்லியின் பழைய வீடுகளில் கூரையை ஒட்டியிருக்கும் ரோஷன்தான், கூலர் பொருத்திய சன்னலின் இடுக்கு, கொல்கத்தாவின் மரத்தட்டிச் சன்னல்களுக்குப் பின்புறம் ஆகிய இவையெல்லாம் அவற்றுக்கு ஏற்ற இடங்கள். விரல் நுழையும் இடுக்கே போதும். கண்டதும் வீட்டுக்காரர் கொத்தனாரை அழைத்துவரப் புறப்படுவார். அந்த நேரத்தில் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்ல வேண்டியவர்கள் குடியிருக்கும் நாமே.

நான் அரசாங்க வாசகங்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன். ஆதலின் முதலில் சொற்களைப் பற்றியே சொல்லத் தோன்றுகிறது. வங்காளியர் பழம் தின்னும் பெரிய வௌவாலைப் 'பாதுர்' என்பர்; பூச்சி தின்னும் சிறியதைச் 'சாம்சிகே' என்பர். தமிழிலும் அந்த வேறுபாடு உண்டு. பெரியது பழந்தின்னி, சிறியது துரிஞ்சில். துரிஞ்சில் என்னும் அழகிய சொல்லை நாம் வழக்கிலிருந்து நழுவவிட்டோம். சொல் போனதோடு வேறுபாட்டு உணர்வும் போயிற்று. வீட்டு இடுக்கில் தங்குவது பெரும்பாலும் துரிஞ்சில். நாம் அஞ்சுவதோ பழந்தின்னியை எண்ணி.

2001-இல் சிலிகுரியிலும் 2018-இல் கேரளத்திலும் நிபா நோய் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்கிருமியை இயல்பாகத் தாங்கி நிற்பவை பெரிய பழந்தின்னிகள். அவை ஆலமரத்திலும் மருதமரத்திலும் வெட்டவெளியில் கூட்டமாகத் தொங்குவன. அறையின் இடுக்கில் புகுவன அல்ல. சன்னல் இடுக்கில் இருப்பதோ சில கிராம் எடையே உள்ள பிராணி. கொசுவும் அந்துப்பூச்சியும் அதன் உணவு. நிபாவை நினைத்து அதன் மீது புகை போடுவது, ஊரில் புலி வந்ததென்று வீட்டுப் பூனையை அடிப்பது போன்றது.

சட்டமும் நெடுங்காலம் இவ்வினத்தை இகழ்ச்சியாகவே நோக்கி வந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் பழந்தின்னி வௌவால்கள், காக்கை, எலி, சுண்டெலி ஆகியவற்றோடு சேர்த்து 'வெர்மின்' என்று குறிக்கப்பட்டிருந்தன. அச்சொல்லைத் தமிழாக்கப் புகுந்தால் 'பீடை' என்பதே நாவில் வந்து நிற்கிறது. பீடை என்று எழுதிவிட்டால் எவர் வேண்டுமாயினும் கொல்லலாம் என்பது பொருள். காட்டில் மரங்களின் விதையைத் தூவுவதும், இரவில் மலரும் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதும் இவையே என்று அறிவியலார் பல ஆண்டுகள் எடுத்துரைத்தனர். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. பெரிய பழந்தின்னி இன்று பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. இங்கிலாந்திலோ 1981-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா வௌவால்களுக்கும் காப்பளிக்கிறது. வௌவால்கள் வெளியே போயிருக்கும் காலத்தும் அவை தங்கும் இடத்தை வீட்டுக்காரர் தம் விருப்பப்படி அடைக்க இயலாது. இந்தியாவில் 120-க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. நம் சன்னலில் இருப்பது எது என்று நம்மால் பிரித்தறிய முடியாது. ஆகவே கைவைக்குமுன் வனத்துறை அலுவலகத்தைக் கேட்பதே முறை.

கேளாமல் அடைத்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மே மாதத்து நண்பகலில் கொத்தனார் வந்து ரோஷன்தான் இடுக்கைச் சிமெண்டால் பூசிவிட்டார். பகலில் வௌவால்கள் உள்ளேயே உறங்குகின்றன என்பதை எவரும் எண்ணவில்லை. அன்றிரவு சில மின்விளக்குக் குழாயின் துளை வழியே படுக்கையறைக்குள் வந்தன. குழந்தைகள் அலறினர். மூன்றாம் நாள் சுவரிலிருந்து துர்நாற்றம் எழுந்தது. பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே மாண்டிருந்தன. வௌவால் முட்டையிடுவதன்று, ஈன்று பாலூட்டுவது. ஓர் ஈற்றில் ஒன்றோ இரண்டோதான். அழிந்த கூட்டம் மீள்வது எளிதன்று.

ஒற்றை வௌவால் வழி தவறி அறைக்குள் வந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் வௌவாலைக் கொல்வது பெரும்பாலும் விசிறியே. பிறகு விளக்கை அணைத்து, உட்கதவைச் சாத்தி, வெளிச் சன்னல்களை அகலத் திறந்துவிட்டு அகன்றுவிடுங்கள். துடைப்பத்தால் விரட்டினால் அது களைத்து வீழும். வீழ்ந்ததை வெறுங்கையால் தொடலாகாது. தடித்த துணியாலோ அட்டைப் பெட்டியாலோ மூடி எடுத்து, அந்தி வேளையில் மரத்தின் மீதோ சுவரின் உயரத்திலோ விடுங்கள். பல இனங்களுக்குத் தரையிலிருந்து எழும்புவது கடினம். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உறங்கும் குழந்தையின் அருகே வௌவால் காணப்பட்டால், காயம் தெரியாவிடினும் மருத்துவரிடம் சொல்வது நலம்.

கூட்டமாகத் தங்கியிருந்தால் மாலையில் வெளியே நின்று பாருங்கள். வௌவாலின் கடிகாரம் வியப்பானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், பகலொளி புகாத குகையில் அடைக்கப்பட்ட வௌவால், சுற்றி வாழும் கூட்டத்தின் நடமாட்டத்தைக் கொண்டே வெளியுலகின் பொழுதை அறிந்தது என்று காட்டினர். உங்கள் சன்னல் கூட்டமும் கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில், அநேகமாக ஒரே துளை வழியே, வரிசையாக வெளியேறும். பெரியவை போன பின்னும் உள்ளே கீச்சொலி கேட்டால் குட்டிகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். அவை பறக்கும் வரை சில வாரங்கள் பொறுக்கத்தான் வேண்டும். ஈனும் காலம் இனத்துக்கு இனம் மாறுவதால் நாள்காட்டியை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள்.

கீச்சொலி அடங்கி, வனத்துறையும் ஒப்பிய பின், துளைக்கு மேல் வலைத்துணி ஒன்றைத் திரை போல் தொங்கவிடுங்கள். மேலும் பக்கங்களும் ஒட்டியிருக்க, கீழ்ப்புறம் மட்டும் திறந்திருக்கட்டும். வெளியேறும் வௌவால் கீழே நழுவிப் பறந்துவிடும். திரும்பி வருவதோ துளை இருந்த இடத்தையே நாடும், வலையின் அடியை நாடாது. ஒரு வாரம் அவ்வாறு விட்டபின் கொத்தனாரை அழைக்கலாம். உள்ளிருக்கும் எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்காதீர்கள். அத்தூளில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, நீர் தெளித்து நனைத்த பிறகே வாருங்கள்.

வீட்டுக்காரர் அவசரப்பட்டால், நாற்றமும் மறுபடி கொத்தனார் கூலியும் அவருக்கே என்பதைப் பணிவாகச் சொல்லலாம். கருணையைக் காட்டிலும் அக்கணக்கு விரைவில் விளங்கும். சிமெண்டு காய்ந்த மறுநாள் அந்தியிலும் ஒருமுறை வெளியே நின்று பாருங்கள். வேறு இடுக்கு இருந்தால் அன்று தெரிந்துவிடும்.