கனவில் விழும் உதை

சொப்பனத்தில் நாம் ஓடுகிறோம், சண்டையிடுகிறோம். ஆயினும் தேகம் மரக்கட்டைபோலக் கிடக்கிறதென்றால், அதற்குக் காரணம், மூடிய இமைக்குள் விழிகள் அங்குமிங்கும் துடிக்கும் அந்த நித்திரைக் கட்டத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுவதே. அந்தக் கட்டு அவிழ்ந்துபோனால், பரம சாதுவான பெரியவர் ஒருவர், கனவில் துரத்தும் நாயை உதைப்பதாக எண்ணி, அருகில் படுத்திருக்கும் மனைவியை உதைத்துவிடுவார். இதனைத் தனியொரு வியாதியென 1986ஆம் ஆண்டில் விவரித்தவர்கள், அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஷெங்க், மஹோவால்ட் முதலிய வைத்தியர்கள்.

இங்கே முதல் சாட்சி நோயாளி அல்லர், உதைபட்ட அம்மையார்தான்! ஆனால் அவர் சாட்சியம் மட்டும் போதாது. தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறவரும், இரவில் வலிப்பு வருகிறவரும் ஏறக்குறைய இப்படியே கைகால்களை வீசக்கூடும் ஆதலால், மூளையின் மின்னலைகள், விழியசைவு, சுவாசம், மோவாய்த் தசையின் இறுக்கம் ஆகியவற்றை ஓர் இரவு முழுவதும் கருவிகளால் பதிவுசெய்து, வீடியோவும் எடுத்து, கனவுறக்கத்தில் தளர வேண்டிய தசை தளராதிருக்கிறதா என்று பார்த்த பிறகே வைத்தியர் நிச்சயம் கூறுவார். மனச்சோர்வுக்கு உண்ணும் சில மருந்துகளாலும் இது நேருமாகையால், மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கென்றால், ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இது பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முந்திவரும் அறிகுறியாக இருக்கக்கூடும். மோப்ப சக்தி, ஞாபகம், நடை ஆகியவற்றையும் வைத்தியர் சோதிப்பது அதனாலேயே. வைத்தியரைக் காணும்வரை கட்டிலருகே கண்ணாடிச் சாமான்களை வைக்காதிருங்கள்.