காளிகாட்டின் சிவப்புப் பேரேடும் கணினிப் பட்டியலும்
(சிறு வணிகருக்கான பட்டியல் கருவிகளின் சீரமைப்புப் பற்றிய உரை)

வங்காளப் புத்தாண்டான 'பொய்லா பொய்ஷாக்' ஏப்ரல் திங்களின் நடுவில் வருகிறது. அன்று விடியற்காலையிலேயே கொல்கத்தாவின் காளிகாட் கோயிலில் வணிகர்கள் வரிசையில் நிற்பது நெடுங்கால வழக்கம். அவர்கள் கையில் பூவும் இனிப்பும் மட்டுமன்றி, சிவப்புத் துணியால் அட்டையிட்ட புதிய பேரேடும் இருக்கும். பூசாரி அதன் முதற் பக்கத்தில் குங்குமத்தால் சுவஸ்திகம் வரைவார். குங்குமத்தில் தோய்த்த நாணயத்தை முத்திரையாகப் பதிப்பார். இப்புதுக் கணக்கிற்கு 'ஹால்காத்தா' என்று பெயர். தமிழ்நாட்டில் ஆயுத பூசையன்று கணக்குப் புத்தகங்களைப் படைத்து வழிபடும் முறையோடு இதனை ஒப்பிடலாம்.

சடங்கு கோயிலோடு முடிவதில்லை. பின்னர் வணிகர் தம் வாடிக்கையாளர்களைக் கடைக்கு அழைத்து, இனிப்பும் நாட்காட்டியும் வழங்குவார். வந்தவர் பழைய பாக்கியை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ செலுத்துவார். கடனைக் கேட்பதில் உள்ள கசப்பு, விருந்தோம்பலால் நீங்கிவிடுகிறது. எவர் எவ்வளவு தர வேண்டும் என்பதை நினைவில் வைப்பதும், உறவு முறியாமல் அதனைப் பெறுவதுமே சிவப்புப் பேரேட்டின் பணி. சிறு வணிகரின் தேவை எதுவென்று அறிய விரும்புவோர்க்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே வணிகர் இன்று கைப்பேசியிலோ கணினியிலோ 'பில்' எனப்படும் விற்பனைப் பட்டியலைப் போட வேண்டியவராகிறார். 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததிலிருந்து பட்டியல் என்பது வெறும் விற்பனைச் சீட்டாக இல்லை. வரிக் கணக்கின் அடிப்படை ஆவணமாகிவிட்டது. ஆகவே, பட்டியல் போடும் கருவியை யாருடைய தேவையை முன்வைத்து அமைப்பது என்பது சிறு தொழில் வளர்ச்சியோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வியாகும்.

சட்டம் கேட்பவை

பதிவு பெற்ற வணிகர் தரும் வரிப் பட்டியலில் அவருடைய பெயர், முகவரி, பதிவு எண், 16 எழுத்துகளுக்கு மிகாத தொடர் எண், நாள், சரக்குப் பகுப்பு எண், அளவு, மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை முதலியன இடம்பெற வேண்டும். இவை அனைத்தும் தேவையானவையே. ஆனால், இவற்றை அப்படியே வெற்றுக் கட்டங்களாகத் திரையில் அடுக்கி, 'நிரப்புக' என்று வணிகரிடம் கொடுத்துவிட்டால், அது படிவமாகுமே தவிரக் கருவியாகாது.

காளிகாட் போன்ற கோயில் வீதியில் பூசைப் பொருட்கள் விற்கும் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். செவ்வாய், சனிக்கிழமைகளிலும் அமாவாசை நாட்களிலும் கூட்டம் அலைமோதும். கடைக்காரரின் கையில் குங்குமமும் பூவின் ஈரமும் இருக்கும். வாங்குபவர் வங்காளி, இந்தி, தமிழ் என எம்மொழியும் பேசுபவராக இருப்பார். பெரும்பாலான விற்பனை சில்லறைத் தொகைக்கே நடைபெறும். ஒவ்வொரு விற்பனைக்கும் பத்துக் கட்டங்களை நிரப்பச் சொல்லும் கருவி அங்கே ஒரு மணி நேரம்கூடப் பயன்படாது.

சட்டமே இந்நிலையை ஓரளவு உணர்ந்துள்ளது. 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனையில், வாங்குபவர் பதிவு பெறாதவராகவும் பட்டியல் கேட்காதவராகவும் இருந்தால், தனிப் பட்டியல் தர வேண்டியதில்லை; நாள் முடிவில் அனைத்திற்கும் சேர்த்து ஒரே பட்டியல் எழுதிக்கொள்ளலாம். இச்சலுகையை அறிந்து வடிவமைக்கப்பட்ட கருவி வரிசையை நகர்த்தும். அறியாத கருவி வரிசையை நிறுத்திவிடும். பிறகு வணிகர் கருவியையே ஒதுக்கிவிடுவார்.

முதற் கேள்வி எது?

சரக்கு விற்கும் வணிகர்களுள் மூவகையினர் உள்ளனர். மேற்கு வங்காளம் உள்ளிட்ட பல மாநிலங்களில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர் பொதுவாகப் பதிவு பெற வேண்டியதில்லை. அவர் வரி வசூலிக்கவும் இயலாது. அடுத்தவர், ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளோர்க்கான இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்தவர். இவர் வாங்குபவரிடம் வரியைத் தனியே பெறாமல், விற்றுமுதலில் ஒரு விழுக்காட்டைச் செலுத்துகிறார். வரிப் பட்டியலுக்குப் பதிலாக வழங்கல் பட்டியல் தருகிறார். மூன்றாமவர், முறையான வரிப் பட்டியல் தருபவர்.

ஆகவே, நல்ல கருவி தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இம்மூவருள் தாங்கள் யார்? விடை கிடைத்ததும் தேவையற்ற கட்டங்கள் மறைந்துவிட வேண்டும். பதிவே பெறாத பூக்கடைக்காரரிடம் வரி விகிதம் கேட்பது அவரைக் குழப்புவதோடு, தவறாக வரி வசூலிக்கவும் தூண்டிவிடும்.

தேவையற்ற கட்டம் தீங்கற்றது என்று எண்ணுவதும் தவறு. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பதிவு பெறாத ஒருவருக்குச் சரக்கு விற்கும்போது, பட்டியலில் எழுதப்படும் அவருடைய முகவரியே வழங்கல் நடைபெற்ற இடமாகக் கொள்ளப்படுகிறது. மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் போதும். முகவரி இல்லையெனில் விற்பவரின் இடமே கொள்ளப்படும். மதுரையிலிருந்து சென்ற யாத்திரிகர் காளிகாட்டில் ஒரு பித்தளை விளக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 'மாநிலம்' என்னும் கட்டத்தைக் கருவி கட்டாயமாக்கினால், மத்திய, மாநில வரிகளாகப் பிரிய வேண்டிய தொகை மாநிலங்களுக்கிடையேயான ஒருங்கிணைந்த வரியாக மாறிவிடும். வடிவமைப்பாளர் கவனமின்றி இட்ட ஒரு கட்டம் வணிகரின் வரிக் கணக்கையே மாற்றிவிடுகிறது.

பெயரால் எழுதிய கணக்கு

வணிகரின் பழக்கத்திலிருந்து தொடங்கிய கருவி வெற்றி பெறும் என்பதற்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. 1980களில் பெங்களூரில் தொழில் நடத்திய சியாம் சுந்தர் கோயங்கா, தம் வணிகத்திற்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமையால், கணிதப் பட்டதாரியான தம் மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை உருவாக்கச் சொன்னார். 1986இல் தோன்றிய அந்நிறுவனத்தின் மென்பொருளே பின்னாளில் 'டாலி' என்று நாடெங்கும் அறியப்பட்டது.

அதன் வெற்றிக்கு ஒரு காரணம் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு கணக்கிற்கும் ஓர் எண் குறியீடு கொடுத்து, அந்த எண்ணைக் கொண்டே பதிவு செய்வது கணினிக் கணக்கியலில் வழங்கிய முறை. கடைக்காரரோ தம் வாடிக்கையாளரைப் பெயரால் அறிவார், எண்ணால் அறியமாட்டார். குறியீடு ஏதுமின்றிப் பெயரைக் கொண்டே பதிவு செய்யும் முறையை டாலி கைக்கொண்டது. சிவப்புப் பேரேட்டில் பக்கத்தின் தலைப்பில் பெயர் எழுதும் பழக்கம் திரையிலும் தொடர்ந்தது. 2020 நவம்பரில் அந்நிறுவனம் 'டாலி பிரைம்' என்னும் சீரமைத்த வடிவத்தை வெளியிட்டது. எந்த அறிக்கை எந்த வரிசையில் உள்ளது என்பதை மனப்பாடம் செய்யாமலேயே, வேண்டியதைத் தேடிச் செல்லும் வசதி அதில் முதன்மை பெற்றது. மனிதர் கருவியைக் கற்கும் சுமையைக் குறைத்து, கருவி மனிதரின் வழிக்கு வரவேண்டும் என்னும் நெறியே இரண்டிலும் காணப்படுகிறது.

அரசுப் படிவமும் ஒரு கருவியே

இந்நெறி தனியார் மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. புதிய வரி தொடங்கியபோது விற்பனை, கொள்முதல், மொத்தக் கணக்கு என மூன்று விவரங்களை மாதந்தோறும் தாக்கல் செய்யும் முறை வகுக்கப்பட்டது. விற்பவரின் பட்டியலும் வாங்குபவரின் பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் சரியே, ஆனால் சுமை மிகுந்தது. 2017 நவம்பரில் குவாஹாத்தியில் கூடிய வரி மன்றம் பின்னிரண்டு விவரங்களை நிறுத்திவைத்து, சுருக்க விவரத்தைத் தொடர முடிவு செய்தது.

அடுத்தடுத்த சீர்திருத்தங்களும் இத்திசையிலேயே சென்றன. 2020 ஜூன் முதல், விற்பனை ஏதுமில்லாத மாதத்திற்கான விவரத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலேயே தாக்கல் செய்யும் வசதி வந்தது. 2021 ஜனவரி முதல் 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளோர் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை விவரம் தந்தால் போதும் என்றாயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. விவரம் தாமதமானால், வாங்கிய பெரிய நிறுவனத்திற்கு உள்ளீட்டு வரி வரவு தாமதமாகும். அது சிறு வணிகரிடம் வாங்குவதையே தவிர்க்கக்கூடும். ஆகவே, முதலிரு மாதங்களின் பட்டியல்களை மட்டும் முன்கூட்டியே பதிவேற்றும் வசதியும் சேர்க்கப்பட்டது. சிறியவரின் ஓய்வும் பெரியவரின் தேவையும் ஒருங்கே கருதப்பட்டன.

ஒரு நாளின் மதிப்பு

காளிகாட்டின் பட்டுவா பாடாவில் களிமண் சிலைகள் வடிக்கும் கைவினைஞர்கள் உள்ளனர். சிலை செய்வோருக்குப் பட்டியலின் பொருள் வேறு. இங்கே முன்பணம் எவ்வளவு, ஒப்படைத்த நாள் எது, மீதி என்று வரும் என்பவையே முதன்மையானவை.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. எழுத்து மூலமான உடன்பாடு எதுவாயினும், பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். உடன்பாடு இல்லையெனில் 15 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாகச் சேரும். ஆனால் இவ்வுரிமையைக் கோர, தொழில் முறைப்படி பதிவு பெற்றிருப்பதோடு, ஒப்படைத்த நாளுக்குச் சான்றும் வேண்டும். நாளைத் தெளிவாகப் பதிக்கும் பட்டியல் கைவினைஞரின் கூலியைக் காக்கிறது. நாளைப் பிறகு மாற்ற இடம் தரும் கருவியோ, ஏற்பொப்பத்திற்கு இடமே வைக்காத கருவியோ அவரைக் கைவிட்டுவிடுகிறது. கோயில் வீதிக் கடைக்காரருக்கு வேகம் தேவை. சிலை வடிப்பவருக்குச் சான்று தேவை. இருவருக்கும் ஒரே திரையைக் கொடுப்பது சமத்துவமாகாது.

செய்யத் தக்கவை

கருவியை வடிவமைக்க முற்படும் மாணவர், திரையை வரைவதற்கு முன் கடையில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பார்த்தல் வேண்டும். பட்டியல் எழுதுபவர் முதலாளியா, மகனா, பணியாளரா? இணைய இணைப்பு அறுந்தால் விற்பனை நிற்குமா? இரவில் கடை சாத்துமுன் அவர் தேடும் தொகை எது? இவற்றிற்கான விடைகள் வரிச் சட்ட நூலில் கிடைப்பதில்லை. சட்டம் கேட்கும் விவரங்களைக் கருவி பின்னின்று நிரப்பட்டும். வணிகர் அறிந்த பொருள், அளவு, விலை, ரொக்கமா பாக்கியா என்பவை மட்டும் முன்னிற்கட்டும்.

அலுவலர்க்கும் இதில் பாடம் உண்டு. படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்க்குமுன், அதனை எவர், எந்த நேரத்தில், எவ்வளவு உழைப்பில் நிரப்புவார் என்று கேட்பது நிருவாகத்தின் கடமை. 2019 ஜனவரியில் வரி மன்றம் சிறு வணிகர்க்கு இலவசக் கணக்கு மென்பொருள் வழங்கப்படும் என அறிவித்தது வரவேற்கத்தக்க முயற்சி. ஆயினும், விலையின்மை மட்டும் ஒரு கருவியைப் பயனுடையதாக்கிவிடாது.

காளிகாட்டில் ஆண்டுதோறும் குங்கும முத்திரை பெறும் பேரேட்டில் சரக்குப் பகுப்பு எண் கிடையாது. ஆனால் எவர் எவ்வளவு தர வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரியும். கணினிப் பட்டியல் அதனினும் மேலான கருவியாக விளங்க வேண்டுமெனில், முதலில் அப்பேரேடு செய்துவந்த பணியைக் குறைவின்றிச் செய்து காட்ட வேண்டும்.