நாவின் நினைவு



நம் விருதுநகர் மாவட்டம் மழை வளத்தால் பெயர் பெற்றதன்று. கரிசல் மண்ணும் கானல் வெயிலுமே இதன் செல்வம். ஆயினும், நாவின் சுவைக்கு இங்கே என்றும் பஞ்சம் இருந்ததில்லை. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவும், சாத்தூர்க் காராச்சேவும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வெளியூரார் கேட்டு வாங்கிச் செல்லும் பண்டங்கள். மிளகாய் வற்றலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் குவியும் வணிக நகரம் விருதுநகர். சிவகாசியில் விடியற்காலையில் பட்டாசு ஆலைக்குச் செல்லும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூக்குச்சட்டி இருக்கும். வந்தவரை நாம் வரவேற்கும் முதற்சொல்லே, ‘சாப்பிட்டாயிற்றா?’ என்பதுதான்.

இத்தகைய ஊரில் ஒருவர், ‘எனக்குச் சோறு வேண்டாம், அதன் வாடையே பிடிக்கவில்லை’ என்று சொன்னால் என்ன ஆகும்? சமைத்தவர் மனம் வருந்துவார், வீட்டார் அஞ்சுவர். சிலர் சினம் கொள்வர். அவ்வாறு சினம் கொண்டவர்களுள் நானும் ஒருவன். அந்தப் பிழையைச் சொல்லி, அதிலிருந்து நான் கற்றதை உங்களுக்கு எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அறுவை முடிந்தபின், மருந்தை நரம்பின் வழியே ஏற்றும் சிகிச்சை தொடங்கிற்று. கீமோதெரபி என்று அதனை மருத்துவமனையில் சொல்வர். மூன்று வாரத்திற்கு ஒரு முறை மதுரைக்குச் சென்று வருவோம். முதல் நாள் காலையில், உடம்பில் தெம்பு வேண்டுமே என்று எண்ணி, அவளுக்கு மிகவும் பிடித்த பால்கோவாவை வாங்கிச் சென்றேன். அவளுக்கு விருப்பமில்லை. ‘இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்’ என்று வற்புறுத்தினேன். என் மனம் நோகக் கூடாதென்று அவள் உண்டாள். அன்று இரவெல்லாம் குமட்டலும் வாந்தியுமாகக் கழிந்தது.

பத்து நாள் சென்றபின், சற்றுத் தேறியிருக்கிறாளே என்று மறுபடியும் அதே பால்கோவாவை வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்த அளவிலேயே அவள் முகம் மாறிற்று. எழுந்து கொல்லைப்புறம் ஓடினாள். ‘நாற்பது ஆண்டு விரும்பி உண்ட பண்டம் ஒரே நாளில் கசந்துவிடுமா? மனத்தை அடக்கப் பழக வேண்டும்’ என்று நான் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. வகுப்பறையில் பிள்ளைகளை அடக்கிய குரலை ஒரு நோயாளியிடம் காட்டினேன். இன்று எண்ணினாலும் நாணம் வருகிறது.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது, அங்கிருந்த செவிலியர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் என் பழைய மாணவி. நான் குறையாகச் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. “சார், அம்மாவுக்கு மிகவும் பிடித்ததை ஊசி ஏற்றும் நாளில் கொடுக்காதீர்கள். மருந்தின் பழி அதன்மேல் விழுந்துவிடும்” என்றார். அன்று நான் மாணவன், அவர் ஆசிரியர். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தின் பொருளை அறியவே பின்னர்ப் பல நூல்களைப் படித்தேன்.

முதலில் அந்த மருந்துகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவற்றின் வரலாற்றில் நமக்கும் உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கீரை முதலியவற்றில் உள்ள ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். பிறகு, அதனைப் போலவே தோன்றி, அதன் வேலையைச் செய்யாத பொருள்களை உண்டாக்கினர். உணவென்று நம்பி அதனை ஏற்கும் உயிரணு, பெருக முடியாமல் தவிக்கும். அத்தகைய மருந்தொன்றால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சில காலம் தணிந்ததை, 1948-இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்தும் இரண்டு அரிய மருந்துகள் பின்னர்க் கிடைத்தன. தமிழ்நாட்டில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. அங்கே மருத்துவர் சாந்தா போன்றோர் வாழ்நாள் முழுவதும் தொண்டாற்றினர்.

புற்றணுக்கள் விரைந்து பெருகும் இயல்புடையவை. பல மருந்துகள் அந்த விரைவையே குறியாகக் கொண்டு தாக்குகின்றன. ஆனால், நம் உடம்பில் விரைந்து பெருகும் நல்ல அணுக்களும் இருக்கின்றன அல்லவா? மயிர்க்கால், வாயின் உட்தோல், குடலின் உட்பரப்பு ஆகியவை அத்தகையன. நாவின் சுவையணுக்களும் அவ்வினத்தவையே. அவற்றுள் பல, ஏறத்தாழப் பத்து நாளுக்கு ஒரு முறை அழிந்து புதிதாகத் தோன்றுபவை. மருந்து அந்தப் புதுப்பிறப்பைத் தடுக்கிறது. உமிழ்நீரும் சிலருக்குக் குறைகிறது. மூக்கின் உணர்வும் மாறுகிறது. அதனால் சிலருக்கு எல்லாம் சாம்பலைப் போல் சப்பென்றிருக்கும். சிலருக்கு இனிப்பு திகட்டும். இன்னும் சிலருக்கு வாயில் இரும்பைக் கடித்தாற்போன்ற உலோகச் சுவை நிலைத்துவிடும். காப்பியும் இறைச்சியும் பலருக்குக் கசந்துபோகும். எங்கள் வீட்டில் எவர்சில்வர் தம்ளரும் கரண்டியும் அவளுக்கு ஆகாதவையாயின. தெருமுனைக் கடையில் பரோட்டாவுக்கு எண்ணெய் காயும் மாலை நேரத்தில் சன்னலைச் சாத்திவிடுவோம்.

இது நாவின் கதை. பால்கோவாவின் கதையோ வேறு. அது நினைவின் கதை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர் யாவரும் ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் நாயை அறிவர். ஒலி கேட்டவுடன் உணவு வரும். பலமுறை இவ்வாறு நிகழ்ந்தபின், ஒலி கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். இந்தப் பாடத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவன் நான். ஆனால், என் வீட்டிலேயே அது நடந்தபோது அடையாளம் காணாமற்போனேன். இவ்வகைக் கற்றலுக்கு இரண்டு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து நிகழ வேண்டும், பலமுறை நிகழ வேண்டும் என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். 1955-இல் ஜான் கார்சியா என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் அதற்கு மாறான ஒன்றைக் கண்டனர். இனிப்பு நீரைப் பருகிய எலிகளைக் கதிர்வீச்சால் நோயுறச் செய்தபோது, அவை பின்னர் அந்த இனிப்பு நீரையே ஒதுக்கின. பிந்திய ஆய்வுகளில், உண்டதற்கும் நோயுற்றதற்கும் இடையே பல நாழிகை சென்றாலும், ஒரே ஒரு முறை நேர்ந்தாலும், வெறுப்புப் பதிந்துவிடுவது தெரியவந்தது.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஏனைய கற்றல்களெல்லாம் குறுந்திரி வெடி போன்றவை. பற்றவைத்த மறுநொடியே சத்தம் கேட்க வேண்டும். நாவின் கற்றலோ நெடுந்திரி. காலையில் வைத்த தீ மாலையில் வெடித்தாலும், ‘காலையில் உண்டதே காரணம்’ என்று உடம்பு தீர்ப்புச் செய்துவிடுகிறது. நச்சுக் காயைத் தின்று பிழைத்த பண்டை மாந்தரை மறுபடியும் அதனைத் தின்னாமற் காத்தது இந்தத் தீர்ப்புத்தான். காக்க வந்த அறிவே இங்கே தவறான பொருளின்மேல் பழி சுமத்துகிறது. அன்றாடம் உண்ணும் சோற்றின்மேல் அப்பழி விழுவது அரிது. எப்போதோ உண்ணும், தனிச்சுவை மிக்க பண்டத்தின்மேல் விழுவது எளிது. ‘மருந்தால் வந்த வாந்தி இது’ என்று நோயாளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தாலும் பயனில்லை. மூளை அறிந்ததை நா கேட்பதில்லை.

இதனைப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் ஆராய்ந்தவர், அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்னும் பெண்மணி. புதுச்சுவையுள்ள ஐஸ்கிரீமைச் சிகிச்சைக்குச் சற்று முன்னே உண்ட குழந்தைகளுள் மிகச் சிலரே பின்னர் அதனை விரும்பினர். அவ்வாறு நேராத மற்றக் குழந்தைகளுள் பெரும்பாலோர் விரும்பியே உண்டனர். 1978-இல் வெளியான இந்த ஆய்வோடு அவர் நின்றுவிடவில்லை. பழி எங்கேனும் விழத்தான் போகிறது என்றால், இழந்தாலும் வருந்த வேண்டாத ஒன்றின்மேல் அதனை விழச் செய்யலாகாதா என்று எண்ணினார். உணவுக்கும் சிகிச்சைக்கும் இடையே மணம் மிக்க மிட்டாய் ஒன்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். மிட்டாய் பழியை ஏற்றுக்கொண்டது. உணவின்மேல் விழுந்த வெறுப்பு குறைந்தது. 1987-இல் இம்முடிவு வெளியாயிற்று.

நாங்களும் அவ்வாறே செய்தோம். அடுத்த சிகிச்சை நாட்களில் பால்கோவாவும் இல்லை, வேறு விருந்தும் இல்லை. காலையில் எளிய இட்லி. மருத்துவமனை வாயிலில் ஒரு சூட மிட்டாய். அதன்மேல் அவளுக்கு என்றும் பற்று இருந்ததில்லை. மருத்துவர் வாந்தியைத் தடுக்கும் மருந்தையும் மாற்றித் தந்தார். இன்று அதற்கு நல்ல மருந்துகள் பல உள்ளன. துன்பத்தை மறைக்காமல் சொன்னால்தான் அவை கிடைக்கும். அதன் பின்னர் அவள் வேறு எந்த உணவையும் அடியோடு வெறுக்கவில்லை. சூட மிட்டாயை மட்டும் இன்றும் தொடுவதில்லை.

வெறுப்பைப் போலவே வேட்கையும் வரும். புளிப்பென்றாலே முகம் சுளிப்பவள், திடீரென எலுமிச்சைச் சாறும் புளிக்குழம்பும் கேட்டாள். நள்ளிரவில் குளிர்ந்த மோர்ச்சோறு கேட்டாள். சாத்தூர்ப் பக்கத்து வெள்ளரிப்பிஞ்சு வேண்டும் என்று குழந்தையைப் போல் அழுதாள். ‘நோயாளிக்கு இதெல்லாம் ஆகுமா?’ என்று உறவினர் தடுத்தனர். எல்லாவற்றையும் தடுப்பதும் தவறு. கேட்டதையெல்லாம் கொடுப்பதும் தவறு. மருந்தேற்றிய இரண்டாம் வாரத்தையொட்டி வெள்ளை அணுக்கள் மிகக் குறையலாம். அப்போது தெருவில் நறுக்கி விற்கும் காயோ, சுத்தமற்ற நீரோ பெருந்தீங்காக முடியும். வாயில் புண் இருந்தால் புளிப்பும் காரமும் நெருப்பாகும். ஆகவே ஒவ்வொன்றையும் மருத்துவரிடம் கேட்டோம். வெள்ளரியை வீட்டிலேயே நன்கு கழுவித் தோல்சீவி உண்ணலாம் என்றார். அன்று அவள் உண்ட அந்த இரண்டு துண்டுகளைப் போல எனக்கு நிறைவு தந்த விருந்து வேறில்லை.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தாயோ பாட்டியோ இச்சிகிச்சை பெறக்கூடும். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உங்களுள் சிலர் அங்கே மருத்துவராகவும் செவிலியராகவும் பணிபுரியக்கூடும். மருந்து கொடுப்பது அவர்கள் பணி. வீட்டிலிருக்கும் சிறுவர் செய்யக்கூடிய பணிகளும் உண்டு. சூடான உணவைவிட ஆறிய உணவில் வாடை குறைவு. ஆகவே ஆறவைத்துக் கொடுங்கள். உலோகச் சுவை வருத்தினால் வாழையிலையோ பீங்கான் கிண்ணமோ கொண்டுவாருங்கள். மூன்று வேளைக்குப் பதிலாகச் சிறிது சிறிதாக ஆறு வேளை கொடுக்கலாம். இறைச்சி கசந்தால் முட்டையோ பருப்போ தயிரோ அதன் இடத்தை நிரப்பும். உண்ணுமுன் வாயைக் கொப்பளிக்க நீர் கொடுங்கள். நாள் முழுவதும் ஒன்றுமே இறங்காவிட்டால், எடை குறைந்துகொண்டே வந்தால், காய்ச்சல் கண்டால், மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக ஒன்று. ‘வேண்டாம்’ என்று நோயாளி சொன்னால், அதனைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். அது உடம்பு கற்றுக்கொண்ட பாடம். தவறான பாடந்தான், ஆனால், கடிந்துகொள்வதால் அழியக்கூடிய பாடம் அன்று. முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளியில் பணியாற்றிய நான், வற்புறுத்தினால் எதையும் கற்பிக்கலாம் என்று நம்பியிருந்தேன். வற்புறுத்தலால் நான் கற்பித்தது, அவள் விரும்பிய ஒன்றை வெறுக்க மட்டுமே.

சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அவளுடைய நாச்சுவை பெரும்பாலும் மீண்டது. காப்பி மீண்டது, மீன்குழம்பும் மீண்டது. பால்கோவா மட்டும் மீளவில்லை. திருவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் நடக்கும்போது அவள் தன்னையறியாமல் தெருவின் மறுபக்கம் சென்றுவிடுவாள். நான் இப்போது காரணம் கேட்பதில்லை. நானும் அவளுடன் மறுபக்கமே நடக்கிறேன்.