ஜும்ரி தெலையாவிலிருந்து வந்த கடிதங்கள்

உங்கள்ல பாதிப் பேர் இத கம்பெனி பஸ்லதான் கேட்பீங்க. சுங்குவார்சத்திரத்துல ஏறினா ஒரகடம் போறதுக்குள்ள முடிஞ்சிடும், கவலைப்படாதீங்க.

இன்னைக்கு ரேடியோல ஓட்டுப் போட்டுப் பாட்டு வரிசை போட்ட கதை. எங்க லைன்ல ஜார்க்கண்ட் பையன் ஒருத்தன் இருக்கான். எந்த ஊர்னு கேட்டா, "ஜும்ரி தெலையா, பையா. ரேடியோவால பேர் வாங்கின ஊர்"னு சொன்னான். கிண்டல் பண்றான்னுதான் முதல்ல நினைச்சேன். நான் மட்டும் இல்ல, ஒரு காலத்துல இந்தியால நிறைய பேர் அப்படி ஒரு ஊரே கிடையாது, ரேடியோக்காரங்களா வச்ச பேருன்னு நினைச்சிருக்காங்க. நிஜ ஊர்தான். கோடர்மா மாவட்டம், மைக்கா சுரங்கத்த நம்பி வளர்ந்த சின்ன ஊர். அங்க இருந்து ரேடியோவுக்கு அவ்வளவு கடிதம் போயிருக்கு. பாட்டு கேட்டவங்க பேர் வாசிக்கும்போதெல்லாம் இந்த ஊர் பேர் வந்து வந்து, நாடே கேட்டிருக்கு.

அந்தக் கடிதங்கள் போன இடம் ரெண்டு. ஒண்ணு விவித் பாரதி. இன்னொண்ணு கொழும்பு. இந்தி பாட்டுக்கு ஏன் கொழும்புக்கு எழுதணும்? இங்கதான் கதை தொடங்குது.

1952ல பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வர்றார். அவருக்கு சாஸ்திரிய சங்கீதம் உயிர், சினிமா பாட்டு ஆகாது. ஆல் இந்தியா ரேடியோல சினிமா பாட்டு குறைஞ்சு, கிட்டத்தட்ட இல்லன்னே ஆகிடுச்சு. ஆனா மக்களுக்கு வேணுமே? பக்கத்துல இலங்கை. போர்க்காலத்துல நேச நாட்டுப் படைகளுக்காக வச்ச பலமான சிற்றலை ஒலிபரப்பி ரேடியோ சிலோன் கைல இருந்தது. இந்தியா முழுக்க எட்டும். நம்ம தாத்தா பாட்டிங்க மயில்வாகனன் குரல்லயும், அப்புறம் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்லயும் தமிழ்ப் பாட்டு கேட்டதும் அதே இலங்கை வானொலியிலதான்.

எங்க ஊர் ஸ்ரீபெரும்புதூர்ல பிறந்த ராமானுஜர், ரகசியமா வச்சுக்கோன்னு குரு சொன்ன மந்திரத்த திருக்கோஷ்டியூர் கோபுரத்துல ஏறி எல்லாருக்கும் சொன்னார்னு ஒரு கதை உண்டே? சினிமா பாட்டுக்கு அந்தக் கோபுரம் ரேடியோ சிலோன்.

1952 டிசம்பர் 3. பினாகா கீத்மாலா தொடங்குது. பினாகா ஒரு பற்பசை. அறிவிப்பாளர் அமீன் சயானி, வயசு 19தான். சம்பளம் வாரத்துக்கு 25 ரூபா. அனுபவசாலிங்க யாரும் அந்தக் காசுக்கு வரல, அதனால சின்னப் பையன் கைக்கு வந்துச்சு. பம்பாய்ல பதிவு பண்ணி, டேப்ப விமானத்துல கொழும்புக்கு அனுப்புவாங்க.

முதல்ல அது தரவரிசை நிகழ்ச்சியே இல்ல, போட்டி. ஏழு பாட்டு போடுவாங்க, நேயர்கள் சரியா வரிசைப்படுத்தி எழுதி அனுப்பணும், சரியா எழுதினா பரிசு. ஏதோ கொஞ்சம் கடிதம் வரும்னு எதிர்பார்த்தாங்க. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 வந்துச்சு! கொஞ்ச நாள்லயே வாரத்துக்கு 65,000 ஆச்சு. உட்கார்ந்து திருத்தறதே முடியாத வேலையாப் போச்சு. அதனால 1954 டிசம்பர்ல போட்டிய விட்டுட்டு, பாட்டுகளையே வரிசைப்படுத்தற நிகழ்ச்சியா மாத்தினாங்க. அப்புறம் புதன்கிழமை ராத்திரி எட்டு மணின்னா வட இந்தியாவுல தெரு காலி.

வருஷக் கடைசியில ஆண்டுப் பட்டியல். வாரா வாரம் வாங்கின இடங்கள வச்சு, அந்த வருஷத்தோட முதல் பாட்டு எதுன்னு சொல்லுவாங்க. 1953க்கு அனார்கலி படத்துல லதா மங்கேஷ்கர் பாடினது. 1955க்கு ராஜ் கபூரோட ஸ்ரீ 420 பாட்டு.

சரி, வரிசைய யார் முடிவு பண்றது? எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ரெக்கார்டு கடைங்ககிட்ட விற்பனைக் கணக்கு வாங்கினாங்க. நியாயமாத்தான் தெரியுது. ஆனா ஒரு பாட்டு பயங்கர ஹிட்டாகி ரெக்கார்டு தீர்ந்துபோச்சுன்னு வைங்க. கடையில சரக்கு இல்ல, விற்பனையும் இல்ல. ஊரே பாடிட்டு இருக்கற பாட்டு பட்டியல்ல கீழ போகும். ப்ரொடக்‌ஷன்ல இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும்: ஸ்டாக் இல்லாதத டிமாண்ட் இல்லன்னு எழுதற ரிப்போர்ட். அதனால ஊர் ஊரா இருந்த நேயர் சங்கங்களோட ஓட்டையும் சேர்த்துக்கிட்டாங்க. கடைக்குப் போய் ரெக்கார்டு வாங்க வசதியில்லாதவன் ருசியும் அப்பதான் கணக்குல வந்துச்சு.

கீத்மாலா 1988 வரைக்கும் சிலோன்ல, அப்புறம் விவித் பாரதியில 1994 வரைக்கும் ஓடுச்சு. 2024 பிப்ரவரியில சயானி தன்னோட 91 வயசுல போனார்.

இதே மாதிரி இன்னைக்கும் உயிரோட இருக்கறது ஆஸ்திரேலியாவுல, டிரிபிள் ஜே ரேடியோவோட 'ஹாட்டஸ்ட் 100'. 1989ல தொடங்கினப்ப எந்த வருஷப் பாட்டுக்கு வேணாலும் ஓட்டுப் போடலாம். விளைவு, 1989லயும் 1990லயும் ஒரே பாட்டுதான் முதலிடம், ஜாய் டிவிஷனோடது. அதனால 1993லேர்ந்து அந்தந்த வருஷப் பாட்டுக்கு மட்டும்னு விதிய மாத்தினாங்க. 2019 பட்டியலுக்கு 30 லட்சத்துக்கும் மேல ஓட்டு விழுந்துச்சு. தனியாப் பாடற பெண் ஒருத்தர், பில்லி ஐலிஷ், முதலிடம் பிடிச்சது அந்தத் தடவைதான் முதல் முறை. அவ்வளவு வருஷம் ஆகியிருக்கு பாருங்க.

அந்தப் பட்டியல ரொம்ப வருஷமா ஜனவரி 26 அன்னைக்கு ஒலிபரப்பினாங்க. நமக்குக் குடியரசு தினம், அவங்களுக்கு ஆஸ்திரேலியா தினம். 1788ல பிரிட்டிஷ் கப்பல்கள் வந்த நாள். அங்க உள்ள பழங்குடி மக்களுக்கு அது துக்க நாள். நேயர்கள்கிட்டயே கருத்துக் கேட்டாங்க. 60 சதவீதம் பேர் மாத்தலாம்னாங்க. 2018லேர்ந்து தேதி மாறிடுச்சு. டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டுக்கு வெளியில இருந்து பிரச்சாரம் பண்ணினப்ப, 2015ல அந்தப் பாட்டையே போட்டியில இருந்து நீக்கினதும் உண்டு. அது சரியான்னு எனக்கு இன்னும் தெளிவில்ல. பிரச்சாரம் இல்லாத தேர்தல் எங்க இருக்கு?

இப்ப நம்ம பக்கம் வருவோம். டிசம்பர் வந்தா ஸ்பாட்டிஃபை நம்ம எல்லாருக்கும் ஒரு லிஸ்ட் கொடுக்குது. யாரும் நம்மகிட்ட கேட்கல, எண்ணிட்டாங்க. 30 செகண்ட் ஓடினா ஒரு கணக்கு. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பாட்டப் போட்டுட்டுத் தூங்கிட்டா, தூங்கின மூணு மணி நேரமும் கணக்கு. ஆனா ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல எட்டு பொண்ணுங்க ஒரு ஃபோன்ல கேட்டா, அது ஒருத்தர் கணக்கு. அந்தக் காலத்துல ஒரே கார்டுல வீட்டுல உள்ள எட்டுப் பேரையும் எழுதுவாங்க, எட்டுப் பேரையும் ரேடியோ வாசிக்கும். எதுல கணக்கு சரியா இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

இருங்காட்டுக்கோட்டையில இருந்து வல்லம் வடகால் வரைக்கும் எத்தனை கேட் இருக்கு, எத்தனை ஊர் ஆளுங்க இருக்காங்க. தர்மபுரி, திருவண்ணாமலை, ஒடிசா, ஜார்க்கண்ட். இவங்க இந்த வருஷம் என்ன கேட்டாங்கன்னு எங்கயும் பதிவு இல்ல. அவங்க செஞ்ச காரும் ஃபோனும் எத்தனைன்னு துல்லியமா இருக்கு.

அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன். டிசம்பர் 15 வரைக்கும் நம்ம நம்பருக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு, இந்த வருஷம் வந்ததா இருக்கணும். எந்த மொழியானாலும் சரி. ஒரே ஃபோன்ல எட்டுப் பேர் பேசினா எட்டு ஓட்டு, ஆனா எட்டுக் குரலும் கேட்கணும். கம்பெனி பேர் வேண்டாம். ஊர் பேர் கட்டாயம், பிறந்த ஊர். லிஸ்ட்ல வராத பாட்டுக்கு ஓட்டுப் போட்டவங்க ஊரையும் சேர்த்தே வாசிப்பேன். எபிசோட் நீளமாத்தான் போகும், ரெண்டு நாள் பஸ்ல கேளுங்க.

முதல் ஓட்டு வந்தாச்சு. ஜும்ரி தெலையா. பாட்டு, நம்பவே மாட்டீங்க, தமிழ்ப் பாட்டு.