வாய்க்கால் போன வழி

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் சரித்திரம் படித்தவன் அல்ல. சரித்திரத்துக்குள் என்னைத் தள்ளிவிட்டது 2015 மழை. சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் மழைநீர் வடிகாலைக் கணக்குப் போட்டுக் கட்டியவன் நான்தான். அந்த டிசம்பரில் தண்ணீர் என் வடிகாலை மதிக்கவே இல்லை. மதில் சுவரைச் சாய்த்துவிட்டு, இடுப்பளவுக்குக் கிடங்குக்குள் வந்து நின்றது.

வாசல் காவலில் இருந்த பெரியவர் சிரித்தார். "ஏரிக் கலங்கல் தண்ணி அந்த வழியாத்தான் தம்பி போவும். நீ செவுரு கட்டினா நின்னுடுமா?"

நம்பவில்லை. ஆதாரம் தேடினேன். முதலில் புல வரைபடம். அதில் எங்கள் கிடங்குக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள், 'வாய்க்கால்' என்ற ஒரு சொல். அடுத்து, பெரியவர் வீட்டில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். சைக்கிளோடு நிற்கிறார், பின்னால் கரை, வரிசையாகப் பனைமரங்கள். அதில் இரண்டு மரம் இன்னும் நிற்கிறது. அதை வைத்துத்தான் கரையின் இடத்தைப் பிடித்தோம். படம், வரைபடம், பெரியவர் பேச்சு மூன்றும் ஒன்றாகப் பொருந்தின. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். சுவரை உடைத்துப் பெரிய பாலக்குழாய் வைத்தோம்.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. 1763-இல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர், ஆமாம், நம்ம ஆள்தான், 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கால ஊர்க் கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ஊர்ப் பெயரில் மட்டும் அவசரம் கூடாது. பனைமரத்தைப் பார்த்ததும் 'பனஞ்சேரி' என்று குதித்தேன். ஊர்ப் பெயரில் இருப்பது மூன்று சுழி 'ண'. மரத்துக்கு இரண்டு சுழி 'ன'. பழைய பதிவேடோ கல்வெட்டோ சொல்லும்வரை அது ஊகம்தான். 'சேரி' என்றால் உத்தரமேரூர்ச் சோழர் கல்வெட்டில் ஊரின் ஒரு பகுதி. இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றக் கூடாது. பக்கத்து மணிமங்கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு. பல்லவன் நரசிம்மவர்மன் அங்கே புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடு சொல்கிறது.

தம்பி தங்கைகளே, இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் ஓடத் தொடங்கியது, 2010-இல் ஒரகடத்தில். இங்கே வேலைக்கு வரப்போகிறவர்கள் நீங்கள். புல வரைபடத்தை இன்று அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். அடித்தளம் தோண்டும் முன் அதைப் பாருங்கள். ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுப் பழைய படங்களின் பின்பக்கம் இடமும் ஆண்டும் எழுதி வையுங்கள். நாம் மறந்தாலும் தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை.